சுக்கினி: ஒரு காயின் சமூக வரலாறு

மெக்சிக்கோவின் ஓஅகாக்கா மாநிலத்திலுள்ள கிலா நக்கிட்ஸ் என்னும் குகையில் 1966ஆம் ஆண்டு கென்ட் ஃபிளனரி தலைமையில் அகழ்வாய்வு நடைபெற்றது. அங்கு கிடைத்தவற்றுள் பூசணியின விதைகளும் காம்புகளும் தோல் துண்டுகளும் அடங்கும். 1997இல் புரூஸ் சிமித் வெளியிட்ட ஆய்வின்படி அவ்விதைகளுட் சில ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையுடையன. காட்டினத்தின் விதைகளிலும் பெரியன. அமெரிக்கக் கண்டங்களில் மனிதர் பயிரிட்ட மிகப் பழைய தாவரங்களுள் இதுவும் ஒன்றாகும். இன்று பல நாடுகளில் வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கப்பெறும் சுக்கினி இவ்வினத்தைச் சேர்ந்ததே.

காட்டுப் பூசணியின் சதை வாயில் வைக்கவியலாத கசப்புடையது. குக்குர்பிற்றசின் எனப்படும் நச்சுப்பொருளே இதற்குக் காரணம். எனவே, ஆதியில் மக்கள் நாடியது விதையையே என ஆய்வாளர் கருதுவர். கசப்பற்ற காயைத் தந்த கொடியின் விதையைப் பேணி, கசந்ததை விலக்கிய பல தலைமுறைகளின் உழைப்பினாலேயே சதை உணவாயிற்று. அவ்வுழைப்பாளருள் ஒருவர் பெயரேனும் எமக்கு எஞ்சவில்லை.

கொலம்பஸின் 1492ஆம் ஆண்டுப் பயணத்தின் பின்னர் இக்காய் ஐரோப்பாவை விரைவில் அடைந்தது. பிரெஞ்சு அரசி ஆனுக்காக 1503க்கும் 1508க்கும் இடையில் வரையப்பட்ட பிரார்த்தனை நூலொன்றிலே இவ்வினக் கொடி காயுடன் காணப்படுகின்றது. எம்மவர் சுரை என அழைக்கும் காயை முன்பே அறிந்திருந்த இத்தாலியர், அதன் பெயரான 'சுக்கா' என்பதையே புதியதற்கும் வழங்கினர். இதன் உறவுக்காயொன்றைத் தமிழர் பறங்கிக்காய் என்றனர். கொண்டுவந்த பறங்கியர் பெயர் காயில் நிலைத்துவிட்டது. விளைவித்த மெக்சிக்கோ மக்களின் பெயரோ எங்கும் ஒட்டவில்லை.

சுக்கினி என்பதன் பொருள் 'சிறு பூசணி' என்பதாகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிலான் நகரை அண்டிய தோட்டங்களில் இவ்வகை உருவாயிற்று. இத்தாலியரின் தொன்மையான உணவென இன்று போற்றப்படுவதன் வயது இவ்வளவே! கொடியாகப் படராது செடியாக நிற்பதால் இதற்கு ஒடுங்கிய நிலமே போதும். விதையிட்டு ஏறத்தாழ 50 நாள்களில் பலன் தரும். பிஞ்சைக் கொய்யக் கொய்ய மீண்டும் காய்க்கும். சிறு தோட்டக்காரருக்கு இதனிலும் உகந்த பயிர் அரிது. பின்னர் இத்தாலியக் குடியேறிகள் இதனை ஐக்கிய அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றனர். இவ்வாறு, பிறந்த கண்டத்துக்கே அது அந்நியப் பெயருடன் திரும்பியது.

பிரித்தானியாவின் கதை வேறு. 1950இல் எலிசபெத் டேவிட் மத்தியதரைக்கடல் நாட்டு உணவு பற்றிய நூலை வெளியிட்டபோது அங்கு உணவுப் பங்கீடு நீங்கியிருக்கவில்லை. 1954இலேயே அது முற்றாக நீங்கியது. பிரெஞ்சுப் பெயரான 'கூர்ஜெட்' ஆங்கிலச் சமையலறையுட் புகுந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. விந்தை யாதெனில், அதே இனக்காய் ஏற்கெனவே அவர்களது தோட்டங்களில் இருந்தது! 'மரோ' என்னும் பெயரில் அதனைப் பெரிதாக முற்றவிட்டு, கிராமக் கண்காட்சிகளில் பருமனுக்காகப் பரிசு பெற்றனர். உண்பதற்கன்றிப் பரிசுக்காகவே வளர்த்தனர் என்பது மிகையாகலாம். எனினும், முற்றிய காயை வெறும் நீரில் அவித்துண்டவர் அதனை வன்மையாக மறுக்கமாட்டார் என எண்ணுகின்றேன். டேவிட் புகட்டியது புதிய காயையன்று. பிஞ்சிலே பறித்து ஒலிவ் எண்ணெயில் வதக்கும் பழக்கத்தையே.

ஆயினும், பழைய கசப்பு முற்றாக அழிந்துவிடவில்லை. 2015இல் தென் ஜேர்மனியில் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைச் சமைத்துண்ட முதியவர் ஒருவர் உயிரிழந்தார். அவருடைய மனைவியும் நோயுற்றார். அருகில் அழகுக்காக வளர்க்கப்படும் கசப்புப் பூசணியின் மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுசேர்ப்பின், அவ்வாண்டுக் காயில் மாற்றம் தெரிவதில்லை. அதன் விதையைப் பேணி மறுமுறை நடும்போதே நஞ்சு தலைகாட்டும். சமைப்பதாலும் அது அழியாது. கடை விதைகளை நம்பிப் பழகியதால், கசந்த காயை எறிந்துவிட வேண்டும் என்னும் அறிவு எம் காலத்தில் மங்கிவிட்டதோ என்பது என் ஐயம்.

சமைக்குமுன் பச்சைக் காயில் நகமளவு நறுக்கி நாவில் வைத்துப் பார்க்குமாறும், கசந்தால் உமிழ்ந்துவிட்டுக் காயை அகற்றுமாறும் இன்று அறிவுறுத்தப்படுகின்றது. ஓஅகாக்காவின் முதற் பயிர்ச்செய்கையாளரும் தம் விதையை இவ்வாறு நாவினாலேயே தெரிந்தெடுத்திருத்தல் வேண்டும்.