'மேட் இன் ஜப்பான்': பழைய மாணவர்களுக்கு ஒரு திருத்தம்



போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு காலி கேசட் டப்பா கிடைத்தது. உள்ளே கேசட் இல்லை. அட்டையில் என் இருபது வயதுக் கையெழுத்தில் "டீப் பர்ப்பிள் - மேட் இன் ஜப்பான் - 1972" என்று எழுதியிருந்தது. 'வாத்தியாருக்கு இந்த வயதில் ராக் இசையா' என்று கேட்கப் போகும் உறவினர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதிதான் பாட்டு பற்றியது, மீதி சரித்திரம்.

கல்லூரி விடுதியில் பக்கத்து அறை நண்பனின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். அவர் கொண்டுவந்த இரட்டை இசைத்தட்டை ஒரு 90 நிமிட கேசட்டில் பதிந்துகொண்டேன். இங்கிலாந்துக் குழு அது. இயான் கில்லன் பாட்டு, ரிச்சி பிளாக்மோர் கிட்டார், ஜான் லார்ட் ஆர்கன், ரோஜர் குளோவர் பேஸ் கிட்டார், இயான் பெய்ஸ் டிரம்ஸ். ஏழே பாட்டுகள். கடைசிப் பாட்டான 'ஸ்பேஸ் டிரக்கின்' மட்டும் ஏறக்குறைய இருபது நிமிடம், இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கம். ஸ்டுடியோவில் பதிந்தபோது அது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு!

என்னிடம் பதினொன்றாம் வகுப்பில் வரலாறு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 'முதன்மைச் சான்று' பாடம் வரும்போது இந்தக் கேசட்டை வகுப்புக்குக் கொண்டுவருவேன். "நடந்தது நடந்தபடி பதிவானது. பிறகு யாரும் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒட்டுப்போடவில்லை. கல்வெட்டு மாதிரி" என்பேன். அப்படி ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பையன் எழுந்து, "சார், மூணு நாள் கச்சேரின்னு சொன்னீங்க. இது எந்த நாள் சார்?" என்று கேட்டான். "குறுக்கே பேசாமல் கவனி" என்று உட்கார வைத்துவிட்டேன். எனக்குப் பதில் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

பதிலை இப்போது சொல்கிறேன்.

1972 ஆகஸ்ட் 15, 16 தேதிகளில் ஒசாகாவின் ஃபெஸ்டிவல் ஹாலிலும், 17ஆம் தேதி டோக்கியோவின் புடோகான் அரங்கிலும் அந்தக் குழு வாசித்தது. அதைப் பதிந்து இசைத்தட்டாக்க வேண்டும் என்று கேட்டது ஜப்பானிலிருந்த வார்னர் நிறுவனம். குழுவுக்கு விருப்பமில்லை. மேடையில் நடப்பதை இசைத்தட்டில் பிடிக்க முடியாது என்பது அவர்கள் எண்ணம். கடைசியில், எங்கள் ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச்தான் பதிவு செய்வார், நாடாக்களை நாங்கள் கேட்டு ஒப்புக்கொண்டால்தான் வெளியிடலாம் என்ற நிபந்தனைகளோடு சம்மதித்தார்கள். எட்டுத் தட நாடா இயந்திரம் ஒன்று. மொத்தச் செலவு 3,000 டாலர் அளவில்தான். அதுவும் ஜப்பானில் மட்டும் விற்பதற்காக. அங்கே அதன் பெயரும் வேறு, 'லைவ் இன் ஜப்பான்'.

1993இல் அதே பெயரில் மூன்று சிடிக்களாக அந்த மூன்று இரவுகளும் பெரும்பாலும் வெளிவந்தன. 2014இல் முழுவதும் வந்தது. என் மகன் வாங்கித் தந்தான். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து கேட்டேன் (வாத்தியார் புத்தி!). அப்போதுதான் என் 'கல்வெட்டு' எப்படிச் செதுக்கப்பட்டது என்று தெரிந்தது.

ஏழில் நான்கு பாட்டுகள் 16ஆம் தேதி ஒசாகாவில் பாடியவை. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' மட்டும் 15ஆம் தேதி. பிளாக்மோர் அதன் தொடக்க இசையை ஸ்டுடியோ இசைத்தட்டில் உள்ளபடி வாசித்தது அன்று ஒருநாள்தான், அதனால் அது தேர்வானது. 'தி மியூல்', 'லேசி' இரண்டும் 17ஆம் தேதி டோக்கியோ. ஆக, இரண்டாம் பக்கத்தில் 'ஸ்மோக்' முடிந்து கைதட்டல் கேட்கிறதே, அடுத்து பெய்ஸின் தனி ஆவர்த்தனம் உள்ள 'தி மியூல்' வருகிறதே, அவை இரண்டுக்கும் நடுவில் இரண்டு நாள், இரண்டு ஊர்! வரிசையும் மாறியிருக்கிறது. மேடையில் 'ஸ்மோக்' இரண்டாவது, 'சைல்ட் இன் டைம்' அதற்குப் பிறகு. இசைத்தட்டில் தலைகீழ். ரசிகர்கள் கேட்டு மறுபடி வந்து வாசித்த பாட்டுகள் எதுவும் அதில் சேரவில்லை. அட்டைப்படம்கூட ஜப்பானில் எடுத்ததல்ல, லண்டன் கச்சேரி ஒன்றில் எடுத்தது!

ஒட்டுப்போடவில்லை என்று நான் சொன்னது சரிதான். அந்தக் குழு கடைசிவரை அதில் உறுதியாக நின்றது. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை. 1978இல் வந்த தின் லிஸி குழுவின் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' தொகுப்பில் பெரும்பகுதி ஸ்டுடியோவில் திரும்பப் பதிந்தது என்று அதன் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டியே சொன்னார், குழுவின் தரப்பு மறுத்தது. ஆனால் ஒரு சுரத்தைக்கூட மாற்றாமல், எதை எடுப்பது எதை விடுவது என்பதிலேயே ஒரு சரித்திரத்தை எழுதிவிடலாம் என்பதை நான் வகுப்பில் சொல்லவே இல்லை. பொறுக்கி எடுத்தவர்களும் ஐந்து பேர் அல்ல. ஒலிக்கலவை செய்தபோது வந்து உட்கார்ந்தவர்கள் குளோவரும் பெய்ஸும் மட்டுமே.

என்னை அதிகம் உறுத்துவது டோக்கியோ இரவு. மூன்றில் அதுதான் சிறந்தது என்பது குழுவினரின் நினைவு. 'சைல்ட் இன் டைம்' பாட்டை அரங்கமே சேர்ந்து பாடியதை குளோவர் பின்னாளில் நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார். அன்று பிளாக்மோர் கடைசிப் பாட்டில் கிட்டாரை உடைத்துக் கூட்டத்துக்குள் வீச, அதை மீட்பதற்காகக் காவலர்கள் ரசிகர்களின் மேலே ஏறிக் குதித்து ஓடினார்களாம். மற்றவர்களுக்குக் கோபம், அவருக்குச் சிரிப்பு. ஆனால் புடோகான் 1964 ஒலிம்பிக்கில் ஜூடோவுக்காகக் கட்டிய பெரிய கூடம். ஒசாகா அளவுக்கு அங்கே பதிவு நன்றாக வரவில்லை. அதனால் சிறந்த இரவிலிருந்து இரண்டே பாட்டுதான் இசைத்தட்டில் ஏறியது. நம் ஊரில் கல்லில் வெட்டிய தானக் கணக்கு ஆயிரம் வருடம் நிற்கிறது, ஓலையில் எழுதிய எத்தனையோ நூல்கள் செல்லரித்துப் போயின. கல்லில் இருந்ததால் மட்டும் அந்தக் கணக்கு ஓலையில் இருந்ததைவிடப் பெரிய விஷயமாகிவிடுமா?

இன்னொன்றும் அப்போது தெரியாது. மேடையில் கில்லனும் பிளாக்மோரும் குரலும் கிட்டாருமாகக் கேள்வி பதில் போல விளையாடுவதை 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்' பாட்டில் கேட்கலாம். என்ன ஒற்றுமை என்று வியந்திருக்கிறேன். இங்கிலாந்தில் இசைத்தட்டு வெளியான அதே 1972 டிசம்பரில் கில்லன் ராஜினாமாக் கடிதம் எழுதினார். 1973 ஜூன் 29ஆம் தேதி கடைசிக் கச்சேரி, அதுவும் அதே ஒசாகாவில். அமெரிக்காவில் விற்பனைப் பட்டியலில் ஆறாவது இடம்வரை ஏறிய அந்த இசைத்தட்டில் கேட்கும் நட்பு எவ்வளவு நிஜம்? நாடாவில் இருப்பது நிஜம். அதைச் சுற்றி இருந்தது நாடாவில் இல்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நேற்று இரவு பழைய ஏழு பாட்டு வரிசையைத்தான் கேட்டேன். 'சைல்ட் இன் டைம்' தொடக்கத்தில் லார்டின் ஆர்கன் மெதுவாக வரும்போது ஜப்பானிய ரசிகர்கள் எப்படி அமைதியாக இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் கில்லனின் குரல் ஏறும்போது ஒலி அளவைக் குறைத்து வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார். எனக்கு அனுபவம்.

ஜன்னலோரத் தம்பி, நீ இதைப் படிக்கிறாய் என்றால், உன் கேள்விக்குப் பதில்: 15, 16, 17 மூன்றும். உன்னை அன்று உட்கார வைத்தது என் தவறு. மன்னித்துவிடு.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கேசட்டை என்னிடம் வாங்கிப் போனவர் யார்? டப்பா இங்கே பத்திரமாக இருக்கிறது.