வன்னித் தரவையும் வந்தேறு பூண்டும்

வன்னிநாட்டு வரலாற்றை எழுதப் புகுவோர் பண்டாரவன்னியனின் போரையும் பிற்காலக் குடியேற்றங்களையும் விரித்துரைப்பர். தரையில் முளைத்த பூண்டும் வரலாற்றுச் சான்றாகும் என்பது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் வன்னியில் மண் காவலின்றிக் கிடந்த போதெல்லாம் ஏதேனுமொன்று அதனைப் பற்றிக்கொண்டே வந்திருக்கின்றது.

முற்காலத்தில் அவ்வாறு பற்றியது காடு. குடிகள் அருகக் குளக்கட்டுகள் உடைந்தன. வயலிலே பாலையும் வீரையும் ஓங்கின. அக்காடு இந்நாட்டுக்கே உரியது. வெட்டித் திருத்தியவர்க்கு வளமான மண்ணைக் கொடுத்தது. 1885-இல் ஹென்றி பார்க்கர் வகுத்த திட்டத்தைத் தழுவி, 1902-இல் இரணைமடுக் குளத்தின் வேலை தொடங்கிய பின்னர், கிளிநொச்சிக் காடு கழனியான கதையை யாவரும் அறிவர்.

பார்த்தீனியத்தின் கதை வேறு. வெப்பமண்டல அமெரிக்காவிற் பிறந்த இப்பூண்டு 1955-இல் இந்தியாவின் பூனாவிலே கவனிக்கப்பட்டது. அங்கு இறக்குமதித் தானியத்தோடு வந்ததென்பர். இலங்கையில் 1999-இல் வவுனியாவிலே பதிவாயிற்று. 1987-இல் வந்திறங்கிய இந்திய அமைதிப்படை உணவுக்கெனக் கொணர்ந்த ஆடுகளோடு இதன் விதையும் வந்ததென்பது பொதுவான கருத்து. அது மெய்யாயினும் விடை பாதியே. விதை எங்கும் விழும். எல்லா இடத்திலும் முளைத்து நிலைப்பதில்லை. அடர்ந்த புல்லுள்ள தரவையிலே இதற்கு இடமில்லை. போரினாற் குடிபெயர்ந்தோர் விட்டுச்சென்ற வளவுகள், உழாத வயல்கள், கிளறப்பட்ட தெருவோரங்கள் ஆகியவையே இதனை வரவேற்றன. ஒரு செடி பதினாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளை உதிர்க்கும். அதனின்று கசியும் பொருள்கள் அயற்பயிரின் முளையை அடக்கும். கால்நடை இதனை விரும்பி மேய்வதில்லை. தீண்டுவோர்க்குத் தோல் அழற்சியும் மூச்சுநோயும் உண்டாகும். 2009-க்குப் பின் ஊர் திரும்பியோர்க்கு மாடே கைமுதலாயிருந்த இடங்களில் தரவை குறைதல் சிறிய இழப்பன்று.

இதனை ஒழிக்கச் சிரமதானங்கள் நடைபெறுகின்றன. அவற்றைக் குறைகூற எண்ணமில்லை. எனினும் பூத்து விதைத்த பின் பிடுங்குவது, விதைப்பதற்குக் கூலி கொடுப்பதை ஒக்கும். பூக்குமுன்னரே, ஈரமண்ணில், கையுறையணிந்து வேரோடு களைதல் வேண்டும். மெக்சிக்கோ நாட்டு இலைதின்னி வண்டொன்று ஆஸ்திரேலியாவில் 1980-லும் இந்தியாவில் 1984-லும் விடப்பட்டது. அது மழைக்காலத்தில் இலையைத் தின்று, வறட்சியில் மண்ணுள் ஒடுங்கிவிடுகின்றது. ஆதலின் முழுப்பொறுப்பையும் வண்டின்மேற் சுமத்துதல் இயலாது. களைந்த இடம் வெறுந்தரையாகக் கிடப்பின் அடுத்த மாரியிலே அதே பூண்டு எழும். புல்லை வளர்த்து, ஓரிரு பருவம் மேய்ச்சலுக்கு விடாது காத்தல் வேண்டும். இந்திய ஆய்வாளர் சிலர் தகரையினத்துச் செடிகளை விதைத்து இதனை நெருக்கிப் பார்த்ததும் இக்கருத்துப்பற்றியே.

இனி, நீரின் வழியையும் எண்ணுதல் தகும். கனகராயன் ஆறு வவுனியாவின் வடபாலிற் சேமமடுவுக்கு அண்மையில் தோன்றி, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களைக் கடந்து, இரணைமடுவில் தேங்கிச் சுண்டிக்குளக் கடனீரேரியை அடைவது. கோடையில் வற்றிக் கிடக்கும் இதன் படுகையும் கரையும் மரமற்றுப் புல்லற்றுப் போயின், ஐப்பசி மழையின் முதல் வெள்ளம் அங்குதிர்ந்த விதைகளையெல்லாம் வாரிக்கொண்டு குளத்தின் அலைகரைக்கு வரும். துரிசு திறந்தபின் வாய்க்கால்வழி வயலுக்கும் செல்லும். கீழ்நிலத்தான் ஆண்டுதோறும் களைந்தும், மேல்நிலத்தான் வாளாவிருப்பின் பயனில்லை. எனவே கரையில் மருதும் புல்லும் மீள நடுதல் சேமமடுப் பக்கத்திலே தொடங்கி, நீரோட்டத்தைப் பின்பற்றிக் கீழிறங்கிவருதல் வேண்டும்.