துக்கத்துக்கு ஒரு கெடு

என் தமையன் மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். மனம் நொந்தவர்களோடு பேசிச் சிகிச்சை செய்யும் தொழிலுக்கு அங்கே லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸுக்குப் பரீட்சை. நான் போயிருந்த சமயம் சாப்பாட்டு மேஜையெல்லாம் அவள் புஸ்தகங்கள். நடுவே செங்கல் கனத்தில் ஒன்று. அமெரிக்க மனநோய் வைத்தியர்களின் சங்கம் வெளியிடும் நோய் அட்டவணை. டி.எஸ்.எம். என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

புரட்டிப் பார்த்தேன். பஞ்சாங்கம் மாதிரி நாள் கணக்காக இருந்தது. அளவு மீறிய உற்சாகத்தில் தூக்கமில்லாமல் ஒருவன் நாலு நாள் அலைந்தால் ஒரு பெயர். அது முற்றி ஒரு வாரம் நீடித்தால் வேறு பெயர். இல்லாத குரல்கள் கேட்டு ஒரு மாதத்துக்குள் தெளிந்துவிட்டால் ஒன்று, ஆறு மாதத்துக்குள் என்றால் இன்னொன்று, அதையும் தாண்டினால்தான் ஸ்கிஸோஃப்ரீனியா. பரீட்சையில் ஒரு குட்டிக் கதை கொடுத்து, இவருக்கு என்ன வியாதி என்று கேட்கிறார்கள். கதை எழுதிப் பிழைக்கிற நான் ஒன்றிலும் தேறவில்லை. அந்த அம்மாள் ஏன் அழுகிறாள் என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன். எத்தனை வாரமாக அழுகிறாள் என்று இவள் பார்த்துவிடுவாள்.

இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடப் போனேன். ஆரம்பமே நன்றாக இல்லை. 1840-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில்தான் அமெரிக்க சர்க்கார் முதன்முதலாகச் சித்தம் கலங்கினவர்களை எண்ணிற்று. பித்தரும் மூளை வளராதவரும் ஒரே கலத்தில். கணக்கு வந்ததும் ஓர் அதிசயம்! வடக்கே சுதந்திரமாக வாழ்ந்த நீக்ரோக்களில் 162 பேருக்கு ஒருவர் பித்தராம். தெற்கே அடிமைகளாக இருந்த ராஜ்யங்களிலோ 1,558 பேருக்கு ஒருவர்தானாம். விடுதலை கொடுத்தால் இவர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று, 1844-ல் ராஜாங்க மந்திரியாயிருந்த கால்ஹூன் பிரிட்டிஷ் பிரதிநிதிக்கே எழுதிவிட்டார்.

எட்வர்ட் ஜார்விஸ் என்ற மாஸசூஸெட்ஸ் டாக்டர் அந்தக் கணக்கை ஊர் ஊராக எடுத்துச் சோதித்தார். நீக்ரோ ஒருவர்கூட இல்லாத ஊர்களில் நீக்ரோப் பித்தர்கள் இருந்தார்கள். உஸ்டர் நகரத்தில் 133 பேர் என்றிருந்தது. அத்தனை பேரும் அங்கிருந்த ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார நோயாளிகள்! கலம் மாறி விழுந்திருந்தது, அவ்வளவுதான். காங்கிரஸுக்கு மனுப் போயிற்று. கணக்கை யாரும் திருத்தவில்லை.

டி.எஸ்.எம். 1952-ல் பிறந்தது. அப்போது மெலிந்த புஸ்தகம். ஒரே நோயாளிக்கு டாக்டருக்கு ஒரு பெயர் என்ற நிலைமை அதனால் மாறிவிடவில்லை. பிற்பாடு நியூயார்க்கையும் லண்டனையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், ஒரே மாதிரியான நோயாளிகளை நியூயார்க் டாக்டர்கள் லண்டன்காரர்களைவிட மிகத் தாராளமாக ஸ்கிஸோஃப்ரீனியா என்று எழுதி வந்தது தெரிந்தது. வியாதி மாறவில்லை, கப்பல் ஏறினால் பெயர் மாறிற்று. 1973-ல் இன்னொரு சங்கடம். ஆணை ஆண் விரும்புவது வியாதி அல்ல என்று சங்கத்தின் நிர்வாகிகள் தீர்மானித்தார்கள். சிலர் ஆட்சேபிக்கவே, அடுத்த வருஷம் அங்கத்தினர்களிடம் வோட்டு எடுத்தார்கள். 5,854 பேர் தீர்மானத்தின் பக்கம், 3,810 பேர் எதிர்ப்பக்கம். காசநோயை ஓட்டுப் போட்டு நீக்க முடியுமா என்று ஜனங்கள் சிரித்ததில் தப்பில்லை.

ஆகவே 1980-ல் ராபர்ட் ஸ்பிட்ஸர் தலைமையில் மூன்றாம் பதிப்பு வந்தபோது புது வழி பிறந்தது. காரணத்தைக் கேட்காதே, அடையாளங்களை எண்ணு, நாளை எண்ணு. அதனால்தான் இரண்டு டாக்டர்கள் ஒரே பெயரைச் சொல்லக் கொஞ்சமாவது முடிகிறது. குறை சொல்லிக்கொண்டே போகிற நானும் அந்த நன்மையை மறுக்க மாட்டேன்.

ஒரே ஒரு காரணத்துக்கு மட்டும் விலக்கு இருந்தது: சாவு. உற்றாரைப் பறிகொடுத்தவர் சாப்பிடாமல், தூங்காமல் கிடந்தால் உடனே வியாதி என்று எழுதக் கூடாது. 1994-ல் அதற்கு இரண்டு மாதக் கெடு வைத்தார்கள். 2013-ல் விலக்கையே எடுத்துவிட்டார்கள். வேலை போனவனுக்கு இல்லாத சலுகை இவனுக்கு மட்டும் ஏன், சோகத்தில் தற்கொலை செய்துகொள்கிறவனை யார் கவனிப்பது என்பது ஒரு கட்சி. துக்கத்துக்கெல்லாம் மாத்திரையா என்பது எதிர்க்கட்சி. 2022-ல் மற்றொரு பெயர் சேர்ந்தது: நீடித்த துக்கம். பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம், குழந்தைகளுக்கு ஆறு மாதம் கழித்தே அந்தப் பெயரைச் சூட்டலாம்.

பன்னிரண்டு மாதம் என்று படித்ததும் எனக்கு நம் ஊர்த் தலைத்திவசம் ஞாபகம் வந்தது. அந்தக் கமிட்டிக்காரர்கள் அதை அறிந்திருக்கப் போவதில்லை.

இரவு, கேள்விகளை நான் வாசிக்க அவள் பதில் சொல்லுவாள். ஒரு கேள்வி இப்படி வந்தது: ஐம்பது வயசு ஸ்திரீ, புருஷன் இறந்து பதினோரு மாதம், அவன் சட்டைகளை இன்னும் பெட்டியில் எடுத்து வைக்க மனம் வரவில்லை, தினம் அவன் வருவான் என்று வாசலைப் பார்க்கிறாள். நீடித்த துக்கமா?

"இல்லை, சித்தப்பா. இன்னும் ஒரு மாசம் பாக்கி இருக்கு" என்றாள்.

சரியான பதில்தான். புஸ்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை. என் அண்ணாவுக்கும் அடுத்த மாதம்தான் தலைத்திவசம். அவருடைய கைக்கடிகாரம், நின்றுபோனது, அவள் மணிக்கட்டில் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

"அடுத்த கேள்வியைப் படியுங்கோ, சித்தப்பா" என்றாள்.