அழகான ஒரு விஷப்பூச்சிக்குப் பெயர் வைத்த கதை

பார்த்தால் எறும்பு என்றுதான் தோன்றும். ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. தலை கறுப்பு, கழுத்து ஆரஞ்சு, அதற்குப் பின்னால் நீலமாக மின்னும் குட்டை இறக்கைமூடி, மறுபடி ஆரஞ்சு, நுனியில் கறுப்பு. மழைக்காலத்தில் ட்யூப்லைட்டைத் தேடி வரும் இது எறும்பு அல்ல, வண்டு! ரோவ் வண்டுக் குடும்பம், பெடரஸ் என்ற பேரினம். கடிக்காது, கொட்டாது. ஆனால் கழுத்தில் ஊர்கிறதே என்று தட்டி நசுக்கினால், ஓரிரு நாளில் அந்த இடம் சாட்டையடி போலக் கோடாகச் சிவந்து கொப்பளிக்கும். மருத்துவர்களே சில சமயம் அக்கி என்று நினைத்துவிடுகிறார்கள். அப்புறம் ஊர்க்காரர்கள் குயவர் வீட்டுக்கு அக்கி எழுதப் போனால் என்ன தப்பு?

பெடரஸ் என்ற பெயரை 1775-ல் வைத்தவர் ஃபப்ரீசியஸ். நம் வயல்களில் நிறையத் திரியும் ஃபஸ்கிபெஸ் இனத்துக்கு 1826-ல் இங்கிலாந்தில் பெயரிட்டவர் ஜான் கர்டிஸ். இந்திய ரோவ் வண்டுகளுக்கு முழுப் பேரேடு எழுதியவரோ ஒரு கடற்படை டாக்டர், மால்கம் கேமரன்! 1930 முதல் 1939 வரை நான்கு தொகுதிகள். பெடரஸ் இரண்டாம் தொகுதியில், 1931-ல் வந்தது.

அவ்வளவு எழுதியும் வேலை சுலபமாகவில்லை. கொடைக்கானல் மலையில், பேத்துப்பாறையில் ஒரு வீட்டு விளக்கடியில் இப்படி ஒன்று வந்து விழுந்தது என்று வையுங்கள். நிறத்தைப் பார்த்தே பெடரஸ் என்று சொல்லிவிடலாம். எந்த இனம்? உலகில் 600-க்கும் மேல் இருக்கின்றன, பலவற்றுக்கும் இதே சட்டைதான். மலைகளில் இறக்கை குறுகிப் பறக்க முடியாமல் போன இனங்களும் உண்டு. விளக்குக்குப் பறந்து வந்ததென்றால் அவற்றைக் கழித்துவிடலாம், அவ்வளவே. உறுதியாகச் சொல்ல ஆண் வண்டைப் பிடித்து, அதன் பிறப்புறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஃபோட்டோ போதாது.

விஷத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1953-ல் இத்தாலியில் பாவன், போ என்ற இருவர் இரண்டரைக் கோடி வண்டுகளைச் சேர்த்து அதைப் பிரித்தெடுத்து, பெடரின் என்று பெயர் வைத்தார்கள். இரண்டரைக் கோடி! வண்டின் சொந்தச் சரக்கு என்றே நெடுநாள் நம்பிக்கை. 2002-ல் ஜெர்மனியின் ஜோர்ன் பீல் குழு அதன் மரபணுக்களைத் தேடிப் பார்த்தால், அவை வண்டுக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவுடையவை. அந்த பாக்டீரியா தங்குவது பெரும்பாலான பெண் வண்டுகளில், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகிறது. ஆக, பெயர் சொல்ல ஆண் வேண்டும், விஷத்துக்குப் பெண்தான் மூலம்.

அதுவரை, மேலே வந்து உட்கார்ந்தால் ஊதிவிடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைக் கசக்காதீர்கள்.