போர்டு ரெடி, பெட்டி ரெடி... ஆனா மூடி மூடலையா? சர்க்யூட் டிசைன் ஃபைலை 3டி மாடலாக மாற்றுவது எப்படி?

கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி அறந்தாங்கி. ஆற்றுத் தண்ணீர் வந்து சேரத் தாமதமானால், இங்கே பயிரைக் காப்பாற்றுவது போர்வெல் மோட்டார்தான். வீட்டில் இருந்தபடியே செல்போனில் மோட்டாரைப் போட உதவும் 'மொபைல் ஸ்டார்ட்டர்' பெட்டியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதைத் திறந்தால் உள்ளே ஒரு பச்சை நிற அட்டை இருக்கும். அதுதான் பிசிபி எனப்படும் சர்க்யூட் போர்டு.

இதேபோல ஒரு கருவியை, டிப்ளமோ முடித்த ஒரு இளைஞர் சொந்தமாகச் செய்து விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டரில் போர்டை வரைந்து 50 எண்ணிக்கைக்கு ஆர்டர் கொடுத்தாச்சு. பிளாஸ்டிக் பெட்டியும் வந்தாச்சு. ஆனால் போர்டை உள்ளே வைத்து மூடினால், மூடி உட்காரவே இல்லை. உள்ளே இருக்கும் ரிலே 2 மில்லிமீட்டர் உயரமாக நிற்கிறது. அவ்வளவுதான், போட்ட முதல் மொத்தமும் முடங்கிப் போகும்.

இந்த நஷ்டத்தை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே தடுக்க ஒரு வழி இருக்கிறது. போர்டின் டிசைன் ஃபைலை 3டி மாடலாக மாற்றிப் பார்ப்பதுதான் அது.

டிசைன் ஃபைலில் என்ன இருக்கும்? என்ன இருக்காது?

போர்டு தயாரிக்கும் ஃபேக்டரிக்குப் பெரும்பாலும் அனுப்பப்படுவது 'கெர்பர்' வகை ஃபைல்கள். செம்புப் பாதைகள் எங்கே ஓடுகின்றன, பச்சைப் பூச்சு எங்கே வர வேண்டும், எழுத்துகள் எங்கே அச்சாக வேண்டும் என ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு ஃபைல் இருக்கும். துளை போடுவதற்குத் தனி ஃபைல் உண்டு.

எல்லாமே மேலிருந்து பார்க்கும் தட்டையான படங்கள். வீட்டு பிளானைப் பார்த்தால் அறையின் நீள, அகலம் தெரியும், கூரையின் உயரம் தெரியாது இல்லையா? அதே கதைதான் இங்கேயும். ஒரு பாகம் போர்டில் எந்த இடத்தில் உட்காரும் என்பது தெரியும். எவ்வளவு உயரம் நிற்கும் என்பது தெரியாது. பெட்டி செய்பவருக்குத் தேவையோ அந்த உயரம்தான்.

3டி மாடலாக மாறுவது எப்படி?

இது நான்கு கட்டங்களாக நடக்கிறது.

முதலில், போர்டின் வெளிக்கோட்டை மென்பொருள் எடுத்துக்கொள்ளும். இரண்டாவதாக, அந்தக் கோட்டுக்குத் தடிமன் கொடுக்கும். பரவலாகப் பயன்படும் போர்டுகளின் தடிமன் 1.6 மி.மீ. மூன்றாவதாக, ஸ்க்ரூ துளைகளையும் மற்ற வெட்டுகளையும் அந்தப் பலகையில் குடையும். நான்காவதாக, ரிலே, கெபாசிட்டர், கனெக்டர் என ஒவ்வொரு பாகத்தின் 3டி உருவத்தையும் எடுத்து, அதற்குரிய இடத்தில், சரியான கோணத்தில் உட்கார வைக்கும்.

முடிவில் கிடைப்பது நிஜ போர்டின் கம்ப்யூட்டர் நகல். பெட்டியின் 3டி மாடலுக்குள் இதை வைத்துப் பார்த்தால் எங்கே இடிக்கிறது, எங்கே இடைவெளி இருக்கிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஐடிஎஃப், ஸ்டெப், எஸ்டிஎல்: எது எதற்கு?

ஐடிஎஃப் என்பது பழைய முறை. இதில் இரண்டு ஃபைல்கள் இருக்கும். ஒன்றில் போர்டின் வடிவமும் பாகங்களின் இடமும், இன்னொன்றில் பாகங்களின் வெளிக்கோடும் உயரமும் இருக்கும். எந்தப் பாகமும் வெறும் கட்டையாகத்தான் தெரியும். இடிக்குமா இடிக்காதா என்று பார்க்க அதுவே ஓரளவு போதும்.

இப்போது அதிகம் பயன்படுவது ஸ்டெப். ஐஎஸ்ஓ 10303 என்ற சர்வதேசத் தரம் இது. 1994-ல் இதன் முதல் பகுதிகள் வெளியாகின. பாகங்களின் வளைவு, துளை எல்லாம் துல்லியமாக வரும். எந்த நிறுவனத்தின் மெக்கானிக்கல் டிசைன் மென்பொருளாக இருந்தாலும் பெரும்பாலும் இதைத் திறந்துவிடும்.

எஸ்டிஎல் என்பது 3டி பிரிண்டருக்கானது. உருவத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக மாற்றி வைத்திருக்கும். அச்சடிக்க நல்லது, ஆனால் அளவை மாற்றித் திருத்த வசதிப்படாது.

ஓட்டு மெஷினை நினைத்துப் பாருங்கள்

நாம் பட்டன் அழுத்தும் வாக்குப்பதிவு எந்திரத்தின் ஒரு யூனிட்டில் 16 வேட்பாளர்கள் வரை இடம்பெற முடியும். மேலே பெட்டியில் உள்ள ஒவ்வொரு பட்டனும், உள்ளே அதற்குரிய சுவிட்சும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். போர்டும் பெட்டியும் பொருந்துவது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் இல்லை. பெங்களூருவின் பெல் நிறுவனமும், ஹைதராபாத்தின் இசிஐஎல் நிறுவனமும் இதைத் தயாரிக்கின்றன. எழுத்தாளர் சுஜாதா, பெல் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபோது இந்த எந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினார்.

ஃபைல் பொருந்தாவிட்டால் பெரிய நிறுவனங்களும் தப்ப முடியாது. ஏர்பஸ் ஏ380 விமானத்தில் சுமார் 530 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒயர்கள் உண்டு. ஜெர்மனி குழுவும் பிரான்ஸ் குழுவும் ஒரே டிசைன் மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தின. கடைசியில் விமானத்தில் மாட்டும்போது ஒயர்களின் நீளம் பத்தவில்லை. 2006-ல் வெளிச்சத்துக்கு வந்த இந்தச் சிக்கலால், விமானங்களை ஒப்படைப்பது சுமார் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது.

எங்கே தப்பு நடக்கும்?

* வெளிக்கோடு முழுமையாக மூடவில்லை என்றால் போர்டே உருவாகாது. மயிரிழை இடைவெளியும் பிரச்னைதான்.
* அங்குலமும் மில்லிமீட்டரும் குழம்பினால் அளவு 25.4 மடங்கு மாறிவிடும்.
* ஒரு பாகத்துக்கு 3டி உருவம் இணைக்கப்படவில்லை என்றால், அந்த இடம் காலியாகத் தெரியும். பெட்டி பொருந்துவது போலத் தோன்றும், ஆனால் பொருந்தாது. அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான்.
* இணையத்தில் கிடைக்கும் உருவமும், கடையில் வாங்கும் பாகமும் ஒரே அளவு என்று நம்பிவிடக் கூடாது. கையில் இருக்கும் பாகத்தை வெர்னியர் வைத்து அளந்து பார்ப்பது நல்லது.
* செம்புப் பாதைகளையும் சேர்த்து மாற்றினால் ஃபைல் கனத்துப்போய் கம்ப்யூட்டர் திணறும். பெட்டி பொருத்தம் பார்க்க அவை தேவையில்லை.

இதற்கு எவ்வளவு செலவாகும்?

மென்பொருளுக்குப் பைசா செலவில்லை. 'கீகேட்' என்ற இலவச மென்பொருளை 1992-ல் பிரான்ஸைச் சேர்ந்த ழான் பியர் ஷராஸ் தொடங்கினார். பின்னர் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வு மையமும் இதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது. 2018-ல் வந்த 5-ம் பதிப்பு முதல், எக்ஸ்போர்ட் மெனுவிலேயே ஸ்டெப் ஃபைல் எடுக்கும் வசதி இருக்கிறது. பெட்டியை வரைய 'ஃப்ரீகேட்' என்ற இலவச மென்பொருள் உண்டு. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் கீகேட் பாடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.

பிளாஸ்டிக் பெட்டிக்கான மோல்டு செய்யவோ லட்சக்கணக்கில் ஆகலாம். ஒருமுறை இரும்பில் வெட்டிவிட்டால் திருத்துவது கஷ்டம். ஆனால் அதே பெட்டியை முதலில் 3டி பிரிண்டரில் ஒன்று மட்டும் அச்சடித்துப் பார்க்க மோல்டு செலவில் சிறு பகுதிகூட ஆகாது.

ஒன்றை மறக்கக் கூடாது. 3டி மாடல் சொல்வது பொருத்தத்தை மட்டும்தான். வெயிலில் ஷெட்டுக்குள் பெட்டி எவ்வளவு சூடாகும், எறும்பும் தூசியும் உள்ளே போகுமா என்பதையெல்லாம் அது தானாகச் சொல்லாது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

எனவே ஆர்டர் கொடுக்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். எல்லாப் பாகத்துக்கும் 3டி உருவம் இருக்கிறதா? உயரமான பாகத்துக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா? ஒயர் மாட்டும் கனெக்டர், பெட்டியின் துளைக்கு நேராக வருகிறதா? இந்த மூன்றும் சரியாக இருந்தால், கையில் வரும் 50 போர்டும் பெட்டிக்குள் உட்காரும்.