திருப்பம் யாரைச் சுட்டுகிறது?

முடிவில் தூக்கிவாரிப்போடும் விஞ்ஞானப் புனைவுகளை வரிசைப்படுத்தும்போது, 'யூகிக்க முடிந்ததா' என்பதே பலருக்கும் அளவுகோல். என் அளவுகோல் வேறு: திருப்பம் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது?

இந்த உத்திக்குப் பின்னால் அரசியல் இருக்கிறது. 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி கொலையாளிகளை விடுவித்தது. அதையொட்டி ராட் செர்லிங் எழுதிய தொலைக்காட்சி நாடகம் 1956இல் ஒளிபரப்பானபோது, விளம்பரதாரர் நெருக்கடியால், கறுப்பு உடலும் இல்லை, தென் மாநிலமும் இல்லை. 1959இல் அவர் 'ட்விலைட் சோன்' தொடரை ஆரம்பித்தார். பூமியில் பேசவிடாததை வேற்றுக்கிரகத்தில் வைத்துப் பேசினார்.

மூன்றாமிடம், அத்தொடரின் 'டு சர்வ் மேன்' (1962). மனிதனுக்குச் சேவை என்று நம்பிய புத்தகம், மனிதனைப் பரிமாறும் சமையல் புத்தகமாகிறது. பிரமாதம்தான், பழி அந்நியன்மேலேயே விழுகிறது.

இரண்டாமிடம் 'பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்' (1968). திரைக்கதை செர்லிங்கும், ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்டிருந்த மைக்கேல் வில்சனும். மணலில் புதைந்த சுதந்திர தேவி சிலை, அது நம் பூமியே என்கிறது. ஆனால் அழிவு முடிந்துவிட்டது. பார்வையாளனுக்கு மிஞ்சுவது துக்கம் மட்டும்.

முதலிடம், தொடரின் 'மேப்பிள் தெரு' கதை (1960). கரண்ட் போகிறது. நம்மில் எவனோ வேற்றுக்கிரகத்தான் என்று அண்டைவீட்டார் ஒருவரையொருவர் வேட்டையாடுகிறார்கள். குன்றின்மேல் நிஜமான வேற்றுக்கிரகத்தார் ஸ்விட்சைப் போட்டு அணைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மற்றதைத் தெருவே செய்துகொள்கிறது.

'இதை நான் அப்பவே யூகிச்சுட்டேன்' என்பவரிடம் ஒரு கேள்வி: அப்போ உங்க தெருவுல என்ன செஞ்சீங்க?