கடைவாசலில் நின்று அழைப்போர் – திருச்சி, திருவரங்கம்

தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கடைக்குள் அனுப்புவதற்கென்றே கூலிக்கு அமர்த்தப்படுகிறவர்கள் உண்டு. பொருளை எடுத்துக் காட்டுவதும் விலை பேசுவதும் உள்ளே இருக்கும் விற்பனையாளரின் வேலை. நடப்பவரை நிற்க வைப்பது மட்டுமே இவர்களுடைய வேலை.

பழங்காலத்தில் இந்தப் பணியைக் கொடிகள் செய்தன. கடைத்தெருக்களில் பலவகைக் கொடிகள் பறந்ததை மதுரைக்காஞ்சியும் பட்டினப்பாலையும் கூறுகின்றன. கள் விற்கும் இடத்துக்கும் கொடி இருந்தது. ஒரே சரக்கை விற்கும் கடைகள் அடுத்தடுத்து வந்துவிட்டால் கொடி போதாது, குரல் வேண்டும். 16, 17ஆம் நூற்றாண்டு லண்டனிலும் தொழில் பழகும் பையன்கள் கடை முன் நின்று, என்ன வேண்டும் என்று கூவி அழைத்தார்கள்.

திருச்சியில் மலைக்கோட்டை அடிவாரத்து என்.எஸ்.பி. சாலையிலும் அதை ஒட்டிய கடைவீதிகளிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இக்குரல்களைக் கேட்கலாம். "வாங்கக்கா, பார்த்துட்டு மட்டும் போங்க" என்பது பொதுவான அழைப்பு. குழந்தையோடு வருபவரிடம் பாவாடை சட்டை என்பார்கள். நாலைந்து பெரியவர்கள் சேர்ந்து வந்தால் கல்யாணப் பட்டு என்பார்கள். ஆளைப் பார்த்ததும் கணக்குப் போடும் திறமை இது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் சொல்லிக்கொடுத்ததல்ல!

திருவரங்கத்தில் முறையே வேறு. 1987இல் குடமுழுக்கு நடந்த 236 அடி ராஜகோபுரத்தைக் கடந்து தெற்கு வீதிகள் வழியாகக் கோயிலுக்கு நடப்பவரிடம், "செருப்பை இங்கே விடுங்க, காசு வேண்டாம்" என்பார்கள். விட்ட செருப்பை எடுக்கத் திரும்பி வந்துதானே ஆக வேண்டும்? ஆந்திரத்து யாத்திரிகர் என்று தெரிந்தால் "ரண்டி, ரண்டி" என்று அழைப்பு தெலுங்குக்கு மாறிவிடும்.

என்னிடம் படித்த ஒருவரை ஒரு தீபாவளிச் சமயம் ஒரு துணிக்கடை வாசலில் பார்த்தேன். என்னைக் கண்டதும் கூவுவதை நிறுத்திவிட்டு, "சார், நல்லா இருக்கீங்களா?" என்றார். தொண்டை கட்டியிருந்தது. காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பதாகச் சொன்னார்.

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. பணிநேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அது வரையறுத்தது. உட்காரும் உரிமை வர 2021ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேரளம் 2018இலேயே அதைச் செய்துவிட்டது. பிரிட்டனில் பெண் விற்பனையாளர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 1899இலேயே சட்டம் இருந்தது. இங்கே இப்போது எல்லாப் பணியாளருக்கும் இருக்கை தந்தாக வேண்டும். வாசலில் அழைப்பவருக்கோ உட்கார்ந்தால் வேலை நின்றுபோகும். பண்டிகைக் கூட்டத்துக்காகச் சில வாரம் மட்டும் வைத்துக்கொள்ளப்படுபவர், நாற்காலி கேட்கத் தயங்குவார். நான் பார்த்த அன்று என் மாணவர் சாய்ந்து நிற்க அங்கே இருந்தது, இழுத்துவிட்ட இரும்புக் கதவின் ஓரம் மட்டும்.